கார்ஃப்: ஒரு கோட்டையும் அதன் ஊரும்

இங்கிலாந்தின் சரித்திரம் என்றவுடன் நம்மில் பெரும்பாலோருடைய நினைவுக்கு வருபவை லண்டன் மாநகரமும், பார்லிமெண்டும், ஒருவர்பின் ஒருவராக முடி சூட்டிக்கொண்ட அரசர்களும் அரசிகளுமே. நம்முடைய பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள் அந்த வழியிலேயே நம்மைப் பழக்கிவிட்டன. ஆனால் அந்நாட்டு மக்கள் தங்கள் நாட்டைப் பற்றித் தாங்களே எழுதி வைத்திருக்கும் நூல்களைப் புரட்டிப் பார்ப்போமானால், ராஜ்ய சரித்திரத்துக்குச் சற்றும் குறையாத சிரத்தையோடு வளர்க்கப்பட்டிருக்கும் மற்றொரு துறை அங்கே உண்டு என்பது தெரியவரும். ஊர்ச் சரித்திரம் என்று அதைச் சொல்லலாம். ஒவ்வொரு ஜில்லாவுக்கும், அந்த ஜில்லாவில் அடங்கிய கிராமங்களுக்கும், அக்கிராமங்களின் ஓரமாக ஓடும் சிற்றாறுகளுக்கும், அவற்றின் கரையில் இடிந்து நிற்கும் கோட்டைகளுக்கும் தனித்தனியே வரலாறு எழுதி வைப்பது அந்நாட்டில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இடைவிடாது நடந்துவரும் ஒரு பெரும் பணியாகும்.

அந்தப் பணியின் பெருமையைப் பொதுப்படையாகப் பேசிக்கொண்டு போவதைக் காட்டிலும், ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அதன் ஆற்றையும் மலையையும் கோட்டையையும் தெருவையும் நிதானமாகப் பார்ப்பதே விஷயத்தை விளங்க வைக்கும் என்று தோன்றுகிறது. டார்செட் ஜில்லாவிலுள்ள கார்ஃப் என்னும் சிறு கிராமம் அதற்கு மிகவும் ஏற்றது.

ஆறும் குன்றும்

இங்கிலாந்தின் தென்கரையில், ஆங்கிலக் கால்வாயை நோக்கி அமைந்திருப்பது டார்செட். அதன் தென்கிழக்கு மூலையிலுள்ள பிரதேசத்துக்குப் பர்பெக் தீவு என்று பெயர். தீவு என்று பெயர் வழங்கினாலும் உண்மையில் அது ஒரு தீபகற்பமே. தெற்கிலும் கிழக்கிலும் கடல் சூழ்ந்திருக்க, வடக்கே பூல் துறைமுகத்தின் அகன்ற உப்பங்கழியும், அதில் வந்து விழும் ஃப்ரோம் ஆறும் அதற்கு எல்லையாக இருக்கின்றன. இந்தத் தீபகற்பத்தின் குறுக்கே, கிழக்கு மேற்காக, சீமைச்சுண்ணாம்புப் பாறையாலான நீண்டதொரு மலைத்தொடர் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது.

இந்த மலையை அறுத்து வழி திறந்தவை இரண்டு சிறு நீரோட்டங்கள். விக்கன், பைல் என்னும் பெயர்களையுடைய அவ்வோடைகள், தெற்கே இருந்து வந்து, எண்ணற்ற ஆண்டுகளாக மென்மையான அப்பாறையைக் கரைத்து, அருகருகே இரண்டு கணவாய்களை உண்டாக்கிவிட்டன. ஏரிக்கரை ஒன்று அடுத்தடுத்து இரண்டு இடங்களில் உடைப்பெடுத்து, நடுவே கரையின் ஒரு துண்டு மட்டும் இடியாமல் தனித்து நின்றால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறு இரு கணவாய்களுக்கும் இடையில் செங்குத்தான ஒரு குன்று, சுமார் 55 மீட்டர் உயரத்துக்கு, தன்னந்தனியாக நிற்கிறது. குன்றைக் கடந்த பிறகு இரண்டு ஓடைகளும் ஒன்றாகி, கார்ஃப் ஆறு என்ற பெயரோடு வடக்கே சென்று பூல் துறைமுகத்தில் கலந்துவிடுகின்றன.

இந்த நீரோட்டங்களில் படகு செல்வதில்லை. தேசப்படத்தில் அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே சிரமம். ஆயினும், கார்ஃப் கிராமத்தின் ஆயிரம் ஆண்டுச் சரித்திரத்துக்கு மூலகாரணம் அவையே. தென்கடற்கரையில் இறங்கிய எவரும் வடக்கே உள்ள வேர்ஹாம் பட்டணத்துக்குப் போகவேண்டுமானால், அவ்வோடைகள் திறந்துவைத்த கணவாயின் வழியாகத்தான் போகவேண்டும். நடுவில் நிற்கும் குன்றைத் தன் வசத்தில் வைத்திருப்பவன் பர்பெக் பிரதேசம் முழுவதற்கும் சாவியைக் கையில் வைத்திருப்பவனாகிறான். கார்ஃபின் கதையை ஆற்றிலிருந்து தொடங்கினால்தான் அரசன் அங்கே வந்ததன் காரணம் புலப்படும்.

வாயிலருகே மாண்ட மன்னன்

இவ்வூரின் பெயர் நாட்டுச் சரித்திரத்தில் முதன்முதலாக இரத்தக் கறையோடுதான் இடம்பெறுகிறது. 978-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் தேதி, எட்வர்ட் என்னும் இளம் அரசன் இங்கே கொலை செய்யப்பட்டான். வயது பதினைந்து பதினாறுக்கு மேல் இராது. அவன் இறந்ததும் பட்டத்துக்கு வந்தவன் அவனுடைய மாற்றாந்தாயின் மகனாகிய எத்தல்ரெட். எட்வர்டின் சடலம் முதலில் வேர்ஹாமில் சாதாரணமாக அடக்கம் செய்யப்பட்டு, பிறகு ஷாஃப்ட்ஸ்பரி என்னும் இடத்திலிருந்த கன்னிமார் மடத்துக்குச் சகல மரியாதைகளுடன் எடுத்துச் செல்லப்பட்டது. காலக்கிரமத்தில் மக்கள் அவனைப் புனிதனாகவே வழிபடத் தொடங்கினார்கள். இன்றும் கார்ஃப் கிராமத்துத் தேவாலயம் அரசனும் இரத்தசாட்சியுமான எட்வர்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்தக் கொலையைப் பற்றிப் பிற்காலத்தார் சொல்லும் கதை உருக்கமானது. சிற்றன்னையாகிய எல்ஃப்த்ரித் குதிரைமீதிருந்த அரசனுக்குப் பானம் நிறைந்த கிண்ணத்தைத் தன் கையாலேயே நீட்டினாள் என்றும், அவன் அதைப் பருகிக்கொண்டிருக்கையில் அவளுடைய ஆட்கள் குத்தினார்கள் என்றும், குதிரை அவனை இழுத்துக்கொண்டு ஓடிற்று என்றும் அது வர்ணிக்கிறது. ஆனால், சம்பவத்துக்கு மிகவும் நெருங்கிய காலத்துப் பதிவாகிய ஆங்கிலோ-ஸாக்ஸன் ஆண்டுக்குறிப்பில் இவையெல்லாம் இல்லை. கார்ஃப் வாயிலருகே, மாலை நேரத்தில் அரசன் கொல்லப்பட்டான் என்பதோடு அது நிற்கிறது. கொலைகாரரின் பெயரை அது கூறவில்லை. கிண்ணமும் சிற்றன்னையும் பல ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதியவர்களின் ஏடுகளிலேயே தோன்றுகின்றன. ஊர்ச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் காட்டும் நிதானம் போற்றத்தக்கது. கதையை அவர்கள் தள்ளிவிடுவதில்லை, ஏனெனில் பல தலைமுறையாக ஊரார் நம்பிய கதையும் ஊரின் வரலாற்றில் ஒரு பகுதியே. அதே சமயத்தில், எது சமகாலத்துச் சான்று, எது பின்னால் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டாமல் விடுவதும் இல்லை.

மன்னர்களின் கோட்டை

1066-ஆம் ஆண்டில் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியமுக்கு இக்குன்றின் மதிப்பு உடனே தெரிந்திருக்கிறது. குன்று அப்பொழுது ஷாஃப்ட்ஸ்பரி மடத்துக்குச் சொந்தமாயிருந்தது. அதை வாங்கிக்கொண்டு, பதிலாக ஜில்லிங்ஹாம் என்னும் ஊரின் தேவாலயத்தை மடத்துக்கு அவன் கொடுத்தான். இந்தப் பரிவர்த்தனை, அவனுடைய ஆணையினால் 1086-இல் நாடு முழுவதையும் அளந்து, ஊருக்கு ஊர் நிலமும் ஏரும் மாடும் ஆலையும் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே என்னும் மாபெரும் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறது. அதில் வேர்ஹாம் கோட்டை என்று குறித்திருப்பது கார்ஃப் கோட்டையையே என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து.

அக்காலத்தில் நார்மானியர் எழுப்பிய கோட்டைகளில் பெரும்பாலானவை மண்மேடும் மரவேலியுமாகவே இருந்தன. இங்கேயோ, தெற்கே சிறிது தூரத்திலேயே உறுதியான சுண்ணாம்புக்கல் வேண்டிய மட்டும் கிடைத்ததால், தொடக்கத்திலிருந்தே குன்றின் தலையைச் சுற்றிக் கல்மதில் எழுந்தது. மேற்குப் பிராகாரத்தில் அக்காலத்து மண்டபச் சுவர் ஒன்று இன்றும் நிற்கிறது. தட்டையான கற்களை ஒரு வரிசையில் வலப்புறமாகவும் அடுத்த வரிசையில் இடப்புறமாகவும் சாய்த்து அடுக்கிய அதன் கட்டுமானத்தைப் பார்த்தமாத்திரத்தில், இது பதினோராம் நூற்றாண்டு வேலை என்று பழகிய கண்கள் கூறிவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றியின் ஆட்சியில், குன்றின் உச்சியில் சுமார் 21 மீட்டர் உயரமுள்ள நடுக்கோபுரம் எழுந்தது. மூன்றாம் ஹென்றி 1244-இல் இக்கோபுரத்துக்கு வெள்ளையடிக்கும்படி உத்தரவிட்டான். குன்றின் உயரமும் கோபுரத்தின் உயரமும் சேர்ந்து, வெள்ளை வெளேரென்று அது நின்ற காலத்தில், வடக்கே உப்பங்கழிக்கு அப்பாலிருந்தவர்களுக்கும் அரசனுடைய அதிகாரம் கண்ணெதிரே தெரிந்திருக்கவேண்டும்.

1139-இல் ஸ்டீபன் மன்னன் இக்கோட்டையை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பினான். அவனுடைய படை தங்குவதற்காக எழுப்பிய மண் அரண், கோட்டைக்குத் தென்மேற்கே புல் மூடிய வளையங்களாக இன்றும் இருக்கிறது.

கார்ஃபை மிகவும் விரும்பியவன் 1199 முதல் 1216 வரை ஆண்ட ஜான் மன்னன். பொக்கிஷத்தை வைப்பதற்கும், விரோதிகளை அடைத்து வைப்பதற்கும், வேட்டைக்கு வந்தால் தானே தங்குவதற்கும் இதையே அவன் தேர்ந்தெடுத்தான். உச்சிப் பிராகாரத்தில் குளோரியட் என்னும் அரண்மனைக் கட்டடம் அவனுக்காக எழுந்தது. இடிந்து நிற்கும் அதன் ஜன்னல்களிலும் வளைவுகளிலும் காணப்படும் நுட்பமான வேலைப்பாடு, ராணுவக் கோட்டையொன்றில் எதிர்பார்க்க முடியாதது. ஆனால் அதே பிராகாரத்துக்கு அருகில்தான் வேறு காட்சிகளும் நடந்தன. 1202-இல் பிரான்ஸில் சிறைப்பட்டுக் கொண்டுவரப்பட்ட வீரர்களில் 22 பேர் இங்கே பட்டினியால் மடிந்தார்கள் என்று ஒரு மடத்தின் ஆண்டுக்குறிப்பு கூறுகிறது. ஜானுடைய தமையன் மகளும், பட்டத்துக்கு உரிமை கோரக்கூடியவளுமான பிரிட்டனியின் எலினார், இங்கேயும் வேறு கோட்டைகளிலுமாகத் தன் வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதையும் காவலிலேயே கழித்து 1241-இல் இறந்தாள். அரசன் குறிப்பிட்ட நாளுக்குள் முடியிழப்பான் என்று ஆரூடம் சொன்ன பீட்டர் என்னும் சந்நியாசி கார்ஃபில் சிறை வைக்கப்பட்டு, கெடு கடந்ததும், 1213-இல், இங்கிருந்து வேர்ஹாம் வரை தரையில் இழுத்துச் செல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டான். இன்று உல்லாசப் பிரயாணிகள் செல்லும் வழியிலேயே அந்தக் கொடுமை நடந்தது என்பதை ஊர்ச் சரித்திரம் மறக்கவிடுவதில்லை.

கல்தச்சர்களின் தெரு

கோட்டைக்கு உள்ளே அரசர்கள் இவ்வாறு இருக்க, கோட்டைக்கு வெளியே, அதன் தெற்கு அடிவாரத்தில், ஊர் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதை வளர்த்தது கல்.

பர்பெக் பிரதேசத்தில் ஒரு விசேஷமான சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. பூர்வ காலத்தில் நன்னீரில் வாழ்ந்த நத்தைகளின் ஓடுகள் நெருக்கமாகப் படிந்து இறுகிய அந்தக் கல்லைத் தேய்த்து மெருகேற்றினால், பச்சையும் கருமையும் கலந்த பளபளப்பு உண்டாகும். உற்று நோக்கினால் ஒவ்வொரு நத்தையின் சுருளும் தனித்தனியே தெரியும். மெருகுக்காக அதைப் பர்பெக் சலவைக்கல் என்று அழைத்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் எழுந்த பேராலயங்களிலெல்லாம் இக்கல்லுக்கு ஏற்பட்ட கிராக்கி கொஞ்சமன்று. 1220-இல் தொடங்கிய சாலிஸ்பரி பேராலயத்தின் கரிய தூண்கள், மூன்றாம் ஹென்றி புதுப்பித்த வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயம், லிங்கன், எக்ஸிடர் ஆகிய ஊர்களின் பேராலயங்கள் எல்லாவற்றிலும் பர்பெக் கல் இருக்கிறது. கார்ஃபில் அரண்மனை கட்டிய ஜான் மன்னனே, வூஸ்டர் பேராலயத்தில், பர்பெக் சலவைக்கல்லில் செதுக்கிய தன் உருவத்தின் கீழேதான் உறங்குகிறான்.

கற்குழிகளிலிருந்து வந்த கல், கார்ஃபின் மேற்குத் தெருவிலிருந்த பட்டறைகளில் செதுக்கப்பட்டு, வடக்கே ஓவர் என்னும் சிறு துறைக்கு வண்டிகளில் சென்று, அங்கிருந்து கப்பலேறிற்று. கல்தச்சர்களின் சங்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. கிறிஸ்தவர்களின் தபசு காலத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமையன்று சங்கத்தார் ஆண்டுதோறும் கார்ஃபின் நகர மண்டபத்தில் கூடுகிறார்கள். மிகவும் சிறிய அந்த மண்டபத்தில், தொழில் பயின்று முடித்த இளைஞனைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளும் சடங்கு நடைபெறும். சேருகிறவன் 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணமும், ஒரு பென்னி ரொட்டியும், ஒரு குவளை பீரும் கொண்டுவரவேண்டும் என்பது விதி. பிறகு, கல் சென்ற பழைய வழியின் உரிமையை நிலைநாட்டும் பொருட்டு ஒரு பந்தை உதைத்துக்கொண்டு செல்வார்கள். வழிவிடும் ஓவர் நிலத்தாருக்குக் கொடுக்கவேண்டிய வாடகை ஒரு பவுண்டு மிளகு. பழங்காலத்தில் ஐரோப்பாவுக்கு மிளகு பெரும்பாலும் மலையாளக் கரையிலிருந்தே வந்தது. ஆகவே, கொல்லம் முதல் கோழிக்கோடு வரையுள்ள துறைகளில் ஏற்றிய சரக்கு, டார்செட்டின் ஒரு மூலையில், கல்வண்டி போவதற்கு வாடகையாக அளக்கப்பட்டிருக்கக்கூடும். ராஜ்ய சரித்திரத்தில் இடம்பெறாத இத்தகைய செய்திகளை இறுகப் பற்றிக் காப்பது ஊர்ச் சரித்திரத்தின் தனிச் சிறப்பு.

மேரி பாங்க்ஸ் அம்மையார்

1572-இல் எலிசபெத் ராணி கோட்டையைச் சர் கிறிஸ்டபர் ஹாட்டனுக்கு விற்றுவிட்டாள். ஹாட்டனுக்காக ரால்ஃப் டிரெஸ்வெல் என்னும் நில அளவைக்காரர் 1586-ஐ ஒட்டி வரைந்த படங்கள் நல்லவேளையாகத் தப்பியிருக்கின்றன. கோட்டை முழு உருவத்தோடு இருந்தபோது எந்தச் சுவர் எங்கே இருந்தது என்பதை இன்று நாம் அறிவதற்கு அவையே பெருந்துணை. பின்னர் 1635-இல், முதலாம் சார்லஸ் மன்னனின் அட்டார்னி ஜெனரலாகிய சர் ஜான் பாங்க்ஸ் கோட்டையை வாங்கினார்.

ஏழு ஆண்டுகளில் மன்னனுக்கும் பார்லிமெண்டுக்கும் இடையே உள்நாட்டு யுத்தம் மூண்டது. பாங்க்ஸ் அரசனுடன் வெளியூரில் இருந்தமையால், கோட்டையில் இருந்தவர் அவருடைய மனைவி மேரி அம்மையாரும் குழந்தைகளும் பணிப்பெண்களும் ஒருசில சேவகர்களுமே. 1643-இல் பூல் பட்டணத்திலிருந்து வந்தவர்கள் கோட்டையிலிருந்த சிறு பீரங்கிகளை ஒப்படைக்கும்படி கேட்டார்கள். அம்மையார் முதலில் மறுத்தார், பிறகு கொடுத்துவிட்டார். பீரங்கி கிடைத்த திருப்தியில் எதிரிகள் காவலைத் தளர்த்த, அவர் அந்த அவகாசத்தில் தானியமும் வெடிமருந்தும் உள்ளே சேர்த்துக்கொண்டார்.

ஜூன் மாதக் கடைசியில் சர் வால்டர் எர்ல் ஐந்நூறு அறுநூறு பேருடன் வந்து முற்றுகையிட்டார். கிராமத்துத் தேவாலயம் அவருடைய படைக்குத் தளமாயிற்று. அதன் கூரை ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்தார்கள். மதிலை அணுகுவதற்காக மரத்தால் இரண்டு வண்டிக் கூண்டுகள் செய்து, குண்டு துளைக்காதபடி உள்ளே கம்பளி மயிரைத் திணித்து, ஒன்றுக்கு ஆண் பன்றி என்றும் மற்றொன்றுக்குப் பெண் பன்றி என்றும் பெயரிட்டார்கள். கூண்டு உடலை மறைத்ததே தவிரக் காலை மறைக்கவில்லை. மதில்மேலிருந்தவர்கள் கால்களையே குறிபார்த்துச் சுட்டு அந்த உபாயத்தைத் தோற்கடித்தார்கள். கடைசித் தாக்குதலில், அம்மையாரும் அவருடைய புத்திரிகளும் பணிப்பெண்களும் ஐந்து சேவகர்களுமாக உச்சிப் பிராகாரத்தைக் காத்து, ஏணியில் ஏறினவர்கள் மீது கல்லையும் நெருப்புத் தணலையும் கொட்டினார்கள். சுமார் ஆறு வாரத்துக்குப் பிறகு, அரச பக்ஷத்துப் படை நெருங்குவதாகச் செய்தி வரவே, முற்றுகை கலைந்தது.

இவ்வளவு விவரமும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரச பக்ஷத்தார் அக்காலத்தில் வெளியிட்ட செய்தித்தாள் ஒன்றிலிருந்து. எதிரியை ஏளனம் செய்யவேண்டும் என்னும் நோக்கம் அதற்கு இருந்தது என்பதை மனத்தில் கொண்டே அதைப் படிக்கவேண்டும். ஆயினும், ஒரு பெண்மணியின் திடசித்தத்தால் கோட்டை விழாமல் நின்றது என்பதில் எந்தப் பக்ஷத்தாருக்கும் சந்தேகமில்லை.

1644-இன் இறுதியில் கணவரை இழந்த பிறகும் அம்மையார் கோட்டையை விடவில்லை. இரண்டாம் முற்றுகை 1645-இல் தொடங்கிற்று. பலத்தால் முடியாதது துரோகத்தால் முடிந்தது. காவற்படையைச் சேர்ந்த பிட்மன் என்னும் அதிகாரி, உதவிப்படை அழைத்து வருவதாகச் சொல்லிச் சென்று, 1646 பிப்ரவரியில் பார்லிமெண்டின் போர்வீரர்களையே உள்ளே அழைத்து வந்துவிட்டான். அம்மையார் வெளியேறினார். அவருடைய தைரியத்தை மதித்துக் கோட்டையின் சாவிகளை அவரிடமே கொடுத்தார்கள் என்பர். அவருடைய மகன் ரால்ஃப் பாங்க்ஸ் யுத்தம் ஓய்ந்த பிறகு கட்டிய கிங்ஸ்டன் லேசி மாளிகையில் அச்சாவிகள் இன்றும் தொங்குகின்றன.

கோட்டை வீடுகளானது

மறுபடியும் ஒருவருக்கும் பயன்படாதபடி கோட்டையைத் தகர்த்துவிடவேண்டும் என்று பார்லிமெண்டு 1646 மார்ச்சில் தீர்மானித்தது. மதில்களின் அடியில் குழி பறித்து, வெடிமருந்தைத் திணித்துத் தீ வைத்தார்கள். அறுநூறு ஆண்டுகளை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கட்டடம் சில மாதங்களில் குலைந்தது. ஆனாலும் அதன் உறுதி முற்றிலும் தோற்கவில்லை. தென்மேற்கு வாயிலில் அந்த வெடியின் வேலையை இன்றும் நேரில் காணலாம். வாயிலின் ஒரு பாதி தன் இடத்திலேயே நிற்க, மறு பாதி சரிவில் பல அடி வழுக்கி இறங்கி, விழாமல் நிமிர்ந்தபடியே நின்றுவிட்டது. ஒரு காலத்தில் ஒன்றாயிருந்த வளைவு நடுவில் பிளந்து, இந்தப் பக்கத்துக் கல்வரிசை அந்தப் பக்கத்து வரிசையோடு பொருந்தாமல் உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கிறது. காரை எவ்வளவு இறுகியிருந்தால் இப்படி ஒரு பெரும் சுவர் உதிராமல் நகர்ந்திருக்கும் என்று பார்ப்பவர் வியக்கிறார்கள்.

பெரும்பாலான சரித்திர நூல்கள் கார்ஃபை இந்த இடத்தில் விட்டுவிடுகின்றன. ஊர்ச் சரித்திரமோ இங்கே புதிதாக ஓர் அத்தியாயத்தைத் தொடங்குகிறது. சிதறிய கற்கள் என்னவாயின? கிராமத்தார் அவற்றைத் தங்கள் வீடுகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று கிழக்குத் தெருவிலும் மேற்குத் தெருவிலும் நடந்தால், சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் சுவரும், தகட்டுக்கல் வேய்ந்து பாரத்தால் சற்றே வளைந்த கூரையும் உடைய குடிசைவீடுகள் வரிசையாக நிற்கக் காணலாம். ஏழைக் குடியானவனின் சுவருக்கு அளவுக்கு மீறிய அழகோடு சதுரமாகச் செதுக்கிய கல் ஒன்று இடையிடையே தென்படும். அரசனுக்காக உளியடித்த கல் அது. மன்னர்கள் வரியாகவும் வேலையாகவும் மக்களிடமிருந்து வாங்கியதில் ஒரு பங்கு இவ்வாறு மக்களிடமே திரும்பி வந்தது என்று சொன்னால் அது மிகையன்று.

ஊரின் பிற்கால வாழ்க்கை பெரும்பாலும் எளியது. 1572 முதல் 1832 வரை, இவ்வளவு சிறிய ஊர் பார்லிமெண்டுக்கு இரண்டு பிரதிநிதிகளை அனுப்பிவந்தது. 1832-இன் சீர்திருத்தச் சட்டம் அந்த அநீதியை நீக்கிற்று. ஊருக்கு வடக்கேயுள்ள புதர்க்காட்டில் கிடைத்த மென்மையான வெண்களிமண், வெட்ஜ்வுட் முதலான பீங்கான் தொழிலதிபர்களுக்குச் சென்றது. அதைப் பூல் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1806-இல் குதிரைகள் இழுக்கும் தண்டவாளப் பாதை போடப்பட்டது. 1885-இல் ரயில் வந்தது. 1972-இல் அந்தக் கிளைப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. ஆனால் தொண்டர்கள் பலர் கூடி, விடுமுறை நாட்களில் தாங்களே உழைத்துப் பாதையை மறுபடியும் போட்டு, 1995-இல் கார்ஃபுக்கு ரயிலைக் கொண்டுவந்துவிட்டார்கள். 1981-இல் கோட்டையும், ஊரின் பெரும்பகுதியும், கிங்ஸ்டன் லேசி மாளிகையும் பாங்க்ஸ் வம்சத்தின் கடைசி உரிமையாளரின் உயிலின்படி தேசிய அறக்கட்டளைக்குச் சேர்ந்தன. அந்த அறக்கட்டளை பெற்ற மிகப் பெரிய நன்கொடைகளுள் அது ஒன்று.

குருவானவரின் நூல்

இத்தனை செய்திகளும் தாமாகவே நமக்கு வந்து சேர்ந்துவிடவில்லை. அவற்றைத் தேடிச் சேர்த்தவர்களுள் தலையாயவர் ஜான் ஹட்சின்ஸ். 1698-இல் பிறந்த அவர், வேர்ஹாம் பட்டணத்தில் குருவானவராக இருந்தவர். கென்ட் ஜில்லாவைப் பற்றி லாம்பார்டு 1576-லும், பிரிட்டன் முழுவதையும் பற்றிக் காம்டன் 1586-லும் நூல் வெளியிட்டு வழிகாட்டியிருக்க, தம்முடைய டார்செட்டுக்கு அப்படியொரு முழு நூல் இல்லையே என்ற எண்ணத்தால் உந்தப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அதே வேலையாக உழைத்தார். தேவாலயப் பதிவேடுகள், சாஸனங்கள், நிலப் பத்திரங்கள், கல்லறை எழுத்துக்கள் என்று ஒன்றையும் விடாமல் பிரதி செய்துகொண்டார்.

1762-இல் வேர்ஹாமில் ஒரு பெருந்தீ ஏற்பட்டு ஊரின் பெரும்பகுதி வெந்து சாம்பலாயிற்று. குருவானவரின் இல்லமும் எரிந்தது. அத்தருணத்தில் அவருடைய மனைவியார், தம் உயிரைப் பொருட்படுத்தாமல், பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை நெருப்பினின்றும் காப்பாற்றி வெளியே கொண்டுவந்தார். அந்த அம்மையார் அன்று தயங்கியிருந்தால், மேலே நாம் கண்ட செய்திகளில் எத்தனையோ இன்று ஒருவருக்கும் தெரியாமலே போயிருக்கும். 1773-இல் ஹட்சின்ஸ் காலமானார்; அடுத்த ஆண்டு அவருடைய நூல் இரண்டு பெரிய பாகங்களாக வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்புக்குப் பொருளுதவி செய்தவர்களுள் முக்கியமானவர், பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் உயர் பதவி வகித்த அவருடைய மருமகன் பெல்லாஸிஸ்.

அந்த இரண்டாம் பதிப்பில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 1790-இல் எடுத்த கார்ஃப் கிராமத்து ஜனக்கணக்கு அது. இங்கிலாந்து முழுவதற்குமான முதல் ஜனக்கணக்கு 1801-இல்தான் எடுக்கப்பட்டது. அதிலும் தனிமனிதர்களுடைய பெயர்கள் கேட்கப்படவில்லை. கார்ஃப் கணக்கிலோ, வீடு வீடாக, ஒவ்வொருவருடைய பெயரும் வயதும் தொழிலும் காணப்படுகின்றன. உழைப்பவர்களின் வாரக் கூலியும் சேர்த்து எழுதியிருக்கிறது. களிமண் வெட்டுகிறவன், கல்லுடைக்கிறவன், காலுறை பின்னும் பெண், நூல் நூற்கும் சிறுமி என்று, எந்த அரசனுடைய வரலாற்றிலும் இடம்பெற வாய்ப்பில்லாத மனிதர்கள் அந்த ஏட்டில் தங்கள் பெயரோடு நிற்கிறார்கள். சிறு குழந்தைகளும் சில பென்ஸ் சம்பாதித்துத்தான் குடும்பம் நடந்தது என்பதை அந்தக் கணக்கு காட்டுமளவுக்கு எந்தப் பிரசங்கமும் காட்டாது.

ஹட்சின்ஸ் போன்றவர்கள் போட்ட அஸ்திவாரத்தின்மீது பிற்காலத்தார் பெரிதாகக் கட்டினார்கள். 1538 முதல் ஒவ்வொரு தேவாலயத்திலும் எழுதப்பட்டுவரும் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் ஜில்லா ஆவணக் காப்பகங்களில் பத்திரப்படுத்தப்பட்டன. ஜில்லா சரித்திரங்களை வரிசையாக வெளியிடும் திட்டம் விக்டோரியா ராணியின் பெயரால் 1899-இல் தொடங்கிற்று. லெஸ்டர் நகரத்துப் பல்கலைக்கல்லூரி 1948-இல் இத்துறைக்கென்றே தனிப்பகுதி ஏற்படுத்தியது. அதைத் தொடங்கி நடத்திய ஹாஸ்கின்ஸ் என்னும் பேராசிரியர், வேலியும் வரப்பும் ஒற்றையடிப் பாதையுங்கூட ஆவணங்களே என்றும், அவற்றைப் படிக்கக் காலில் நடைபோடவேண்டும் என்றும் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். 1955-இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிறகு, ஆசிரியர்களும் தபால்காரர்களும் வீட்டுப் பெண்மணிகளும் தத்தம் ஊரின் சரித்திரத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். புலவர்களுக்கே உரியதாயிருந்த துறை பொதுமக்களுடைய சொத்தாயிற்று.

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறினால் வேர்ஹாம் வரை நேரே போகலாம். அங்கிருந்து கார்ஃப் சில மைல் தூரந்தான். பிரிட்டனில் வாழும் தமிழ் மக்களில் அநேகர் விடுமுறை நாட்களில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கோட்டைகளைப் பார்க்கச் செல்கிறார்கள். படிக்கவும் வேலை பார்க்கவும் இங்கிருந்து செல்பவர்களும் செல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குன்றின்மேல் ஏறி இறங்கியதோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தையாவது ஊருக்கென்று ஒதுக்கி, மேற்குத் தெருவில் நடந்து சுவர்களைப் பாருங்கள். தேவாலயத்துக்குள் சென்று கல்லறைப் பெயர்களைப் படியுங்கள். கல்தச்சர்கள் கூடும் சிறு மண்டபத்தின் முன் சற்று நின்று, அது இருப்பதன் காரணத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். எந்த ஊருக்குச் சென்றாலும், அவ்வூர் நூல்நிலையத்தில் ஊர்ச் சரித்திரத்துக்கென்று ஓர் அலமாரி இருக்கும். முதலில் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு கோட்டைக்குச் செல்வதே நல்லது.